சந்தைக் கழிப்பறைத் தீர்மானம்

லெனர்ட் ப்ராட்வெல்லும் அவர் மனைவி தெல்மாவும் ஒரே கட்சி. தேர்தல் வந்தால் ஒரே மாதிரி நீல ரிப்பனைக் குத்திக்கொண்டு ஒரே தெருவில் ஓட்டுக் கேட்பவர்கள். ஆல்டர்பி நகர கவுன்சிலில் இருவரும் உறுப்பினர்கள். ஆனால் வீட்டுக்குள் அரசியல் பேசமாட்டார்கள். காருக்குள்தான் பேசுவார்கள்.

அது பழைய ஏற்பாடு. மகள் சூசன் சிறுமியாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வரி விஷயமாக இருவருக்கும் பேச்சு முற்றி, வறுத்த இறைச்சிக்கு ஊற்ற வைத்திருந்த குழம்பு மேஜை விரிப்பு முழுக்கக் கொட்டியது. யார் கை பட்டது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. "சண்டையை வெளியே கார்ல போய்ப் போடுங்க" என்று சூசன் அழுதாள். லெனர்ட் அதை அன்றே சட்டமாக்கினார். கதவுகள் சாத்தியிருக்க வேண்டும். கார் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆகவே பல மாலைகளில் அவர்கள் வீட்டு வாசலில் கார் நிற்கும். உள்ளே இரண்டு பேர் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். குளிர்காலமானால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். "இந்த வயசுலயும் ரெண்டு பேரும் கார்ல என்னதான் பண்றாங்களோ" என்று தபால்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

லெனர்ட் நாற்பது வருஷம் ஹார்டுவேர் கடை நடத்தியவர். யாரிடமும் மானியம் வாங்காதவர். மனிதன் தன்னால் செய்ய முடிந்ததை அரசாங்கம் செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை. கவுன்சிலில் செலவு என்று வந்த எதற்கும் அவர் கை உயர்ந்ததில்லை. தெல்மா பிரசவ நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் வந்து விழுந்தவர்கள். குழந்தை எப்படி வருகிறதோ அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்பாள். அவளுடைய அரசியலும் ஏறக்குறைய அதுதான். மூன்று வருஷமாகக் கவுன்சிலில் கட்சிக் குழுவுக்கு அவள்தான் தலைவி.

இந்தத் தடவை பிரச்சினை சந்தைச் சதுக்கத்துக் கழிப்பறை.

பச்சை ஓடு பதித்த பழைய கட்டடம். ஒரு காபிக் கடைக்காரர் அதை விலைக்குக் கேட்டிருந்தார். விற்றுவிட வேண்டும் என்று குழுவில் ஒரு பகுதி சொன்னது. அவர்களுக்கு ஜூலியன் ஃபென்விக் முன்னால் நின்றான். உள்ளூர்ப் பையன், லண்டனில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் கட்சி வேலை பார்த்துவிட்டு, நிறையப் புத்தகங்களோடு திரும்பி வந்தவன். விற்கக்கூடாது, பராமரிப்பைக் கவுன்சிலே ஏற்க வேண்டும் என்றாள் தெல்மா. வியாழக்கிழமைச் சந்தைக்குக் கடலோர ஊர்களிலிருந்து வயதானவர்கள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். கழிப்பறை இல்லையென்றால் வரமாட்டார்கள். சந்தையும் படுத்துவிடும், சந்தைக்காரர்கள் ஓட்டும் போய்விடும்.

காரில் இதைப் பற்றி ஒரு முழு மாலை ஓடியது.

"மனுஷன் தானா செஞ்சுக்கறதை சர்க்கார் செய்யக்கூடாது தெல்மா. எத்தனை தடவை சொல்றது."

"தானாத்தான் செஞ்சுக்கறான். அதுக்கு ஒரு இடம் வேணுமா வேண்டாமா?"

"காபிக் கடையில போகட்டும்."

"ஒவ்வொரு தடவையும் ஒரு காபி வாங்கணும். காபி குடிச்சா மறுபடியும் போகணும். இது உன் பொருளாதாரம்."

லெனர்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

கவுன்சில் கூடுவதற்கு முன்னால் கட்சிக் குழு தனியாகக் கூடும். அங்கே எடுக்கிற முடிவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். கவுன்சிலில் பெரும்பான்மை கட்சிக்குத்தான் என்பதால், கழிப்பறையின் தலையெழுத்து கட்சிக் கட்டடத்து மாடியில்தான் எழுதப்படும். குழுவில் ஒன்பது பேர். தெல்மா பக்கம் அவளையும் சேர்த்து நான்கு. ஜூலியன் பக்கம் நான்கு. ஒன்பதாவது லெனர்ட். அவர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவேயில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கு நடுவில் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் தெல்மாவைச் சீண்டிவிட்டான். "இந்த விஷயத்துல என் குழுவே என்னைத் தோற்கடிச்சா அன்னிக்கே தலைமையை விட்டு விலகிடுவேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அது முதல் பக்கத்தில் வந்தது. தெல்மா சொன்னால் சொன்னதுதான். இது ஊருக்கே தெரியும். லெனர்டுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை "ஏழு மணிக்கு வரலைன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அவர் சொன்ன இடத்துக்கு ஏழு ஐந்துக்குப் போனபோது அவள் வீட்டில் இருந்தாள்.

விற்பதற்கு அவர் கை உயர்ந்தால் மனைவியின் பதவி போகும். உயராவிட்டால் அவர் இத்தனை வருஷம் பேசியது போகும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கார் படுத்துவிட்டது. கியர் பெட்டி. பார்ட் வரவேண்டும், வந்ததும் சொல்கிறேன் என்று மெக்கானிக் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

"பஸ் ஸ்டாப் நிழற்குடையில உக்காந்து பேசுவோம்" என்றாள் தெல்மா.

"அதுக்குக் கதவு கிடையாது."

"தோட்டத்துக் கொட்டகையில?"

"கொட்டகை கார் ஆகுமா? இன்னிக்குக் கொட்டகைம்பே, நாளைக்குச் சமையலறைம்பே. ஒரு சட்டத்தை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கிறது."

"உனக்குச் சட்டம்னா போதும், சாப்பாடே வேண்டாம்" என்று தெல்மா எழுந்து போனாள்.

ஆகவே அந்த வாரம் இருவரும் வானிலை பேசினார்கள். சூசனின் பையனுக்குப் பல் முளைத்ததைப் பேசினார்கள். ரொட்டி கருகியதைப் பேசினார்கள். நடுவில் ஒரு கழிப்பறை உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

சனிக்கிழமை ஜூலியன் வந்தான். லெனர்ட் பின்தோட்டத்தில் அவரைக் கொடிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டைச் சாத்திட்டு வா. பக்கத்து வீட்டு நாய் நுழைஞ்சிடும்."

ஜூலியன் சாத்திவிட்டு வந்தான். நல்ல ஷூ போட்டிருந்தான். ஈரமண்ணில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஒற்றைச் செங்கல்லின் மேல் நின்றான்.

"லென், நீங்கதான் எங்களுக்கு அஞ்சாவது கை. சும்மா ஞாபகப்படுத்திட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நான் எதையும் மறக்கலை."

"இல்ல, உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு புரியுது. நான் ஸ்கூல்ல படிக்கறப்போ நீங்க கடை வாசல்ல நின்னு பேசினதைக் கேட்டுத்தான் இந்தக் கட்சிக்கே வந்தேன். உங்களை மாதிரி ஆளுங்க இல்லைன்னா நமக்கும் அந்தப் பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?"

லெனர்டுக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததைக் காட்டாமல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"தெல்மா மேல எனக்கு மரியாதை உண்டு" என்றான் ஜூலியன். "ரொம்ப நல்லவங்க. என்ன, கொள்கைன்னு ஒண்ணும் கிடையாது. காத்தடிக்கிற பக்கம் சாயறவங்க."

லெனர்டின் கை நின்றது. இதே வார்த்தையை அவர் காருக்குள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவள் பதிலுக்கு அவரை மரக்கட்டை என்பாள். பிறகு இருவரும் இறங்கிப்போய் டீ குடிப்பார்கள். அதே வார்த்தை இன்னொரு வாயிலிருந்து வந்தபோது என்னவோ செய்தது.

"நீ பொறக்கறப்போ எப்படி வந்தேன்னு தெரியுமா?"

ஜூலியன் விழித்தான்.

"காலை நீட்டிட்டு வந்தே. வெளியே நல்ல பனி. டாக்டரால வரமுடியலை. அன்னிக்குத் தெல்மா கொள்கை பேசிட்டு நின்னிருந்தா, நீ இன்னிக்கு என் அவரைப் பாத்தியில நின்னிருக்கமாட்டே."

"அம்மா சொல்லியிருக்காங்க" என்றான் ஜூலியன். காது சிவந்துவிட்டது. "ஆனா லென், அது வேற. இது வேற."

"அதுவும் சரிதான்" என்றார் லெனர்ட். அவர் நியாயஸ்தர். "போறப்போ கேட்டைச் சாத்திட்டுப் போ."

அவன் போன பிறகு அவர் கொட்டகைக்குள் போய் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். கழிப்பறையை விற்க வேண்டும் என்பதில் அவருக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் தெல்மா தோற்று எழுந்து, எல்லோர் முன்னாலும் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வெளியே போவதை நினைத்துப் பார்த்தார். தன் கைதான் அதைச் செய்திருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தப்பான பக்கம் கை தூக்கினால் என்ன ஆகிவிடும் என்று யோசித்தார். என்னென்னவோ ஆகும் என்று தோன்றியது. இருந்தாலும் தூக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

முடிவு செய்த பிறகு, கை ஒத்துழைக்குமா என்று பார்க்க, மண்வெட்டிகளுக்கு நடுவில் நின்று தூக்கிப் பார்த்தார். பாதி போயிற்று. மறுபடி தூக்கினார். முழுக்கப் போயிற்று. முகம் கோணியது. ஞாயிறும் திங்களும் கூட அவர் கொட்டகைக்குப் போய் வந்தார்.

செவ்வாய்க்கிழமை தெல்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லென், வியாழக்கிழமை விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"கார் இன்னும் வரலை."

"ரெண்டே வார்த்தை."

"சட்டம்னா சட்டம்தான்."

உண்மையில் அவருக்குப் பயம். அவள் ஆரம்பித்தால் தானும் உளறிவிடுவார். தெரிந்தால் அவள் தடுப்பாள். மேலும், கூட்டத்தில் தன் கை உயரும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

"சரி" என்றாள் தெல்மா. "அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது." ஒரு தட்டை அவரிடம் நீட்டினாள். அது முன்பே துடைத்த தட்டு. இருவருமே கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் நடந்தே கட்சிக் கட்டடத்துக்குப் போனார்கள். கோடை. வெயில் இன்னும் கூரைகளின் மேல் இருந்தது. சந்தைக்காரர்கள் கடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை ஓட்டுக் கட்டடத்தின் முன்னால் ஐந்தாறு பெண்கள் பைகளோடு வரிசையில் நின்றார்கள். லெனர்ட் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார். தெல்மாவும் திரும்பவில்லை. அது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாடி அறையில் நீலக் கம்பளம், நீள மேஜை, டீ அண்டா. கீழே ஸ்னூக்கர் ஆடுகிறவர்களின் பந்துச் சத்தம் தரை வழியே வந்தது. சீஸ் கடை நடத்தும் ஐவர் மேடக்ஸ் என்பவர் முன்கூட்டியே வந்து பிஸ்கட்டில் க்ரீம் வைத்ததைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். அவர் தெல்மா பக்கம். நாய் வளர்க்கும் பிலிப்பா ஸ்ட்ரவுட் ஜூலியன் பக்கம். ஆனால் எதற்கும் ஒருமுறை லெனர்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கை தூக்குவாள். ஜூலியனும் மற்ற நால்வரும் வந்து உட்கார்ந்தார்கள்.

தெல்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"முதல் விஷயம், சந்தைக் கழிப்பறை. அதைக் காப்பாத்தணும்னு நான் கொடுத்த தீர்மானத்தை வாபஸ் வாங்கறேன். விற்கலாம்ங்கற ஜூலியனோட யோசனைக்கு என் ஆதரவு. பேசறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா அடுத்ததுக்குப் போகலாம்."

ஐவர் மேடக்ஸின் வாயில் பிஸ்கட் நின்றது.

"என்ன தெல்மா, காய்ச்சல் கீய்ச்சலா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ முழுங்கு முதல்ல."

"போன வாரம் பேப்பர்ல அப்படிப் பேசினியே."

"போன வாரம் பேசினது போன வாரம்."

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஜூலியன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மட்டும் இது முன்பே தெரியும் என்பது லெனர்டுக்குப் புரிந்தது. வேறொன்றும் புரியவில்லை. நாள் கணக்காகப் பழக்கி வைத்த கை மடியில் கிடந்தது. எதற்காகத் தூக்குவது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. தெல்மா இந்த மாதிரிக் குரலில் ஒருநாளும் பேசினவள் இல்லை. பிறக்காமல் போன குழந்தையைப் பற்றிச் சொல்ல வீட்டு வாசலில் நிற்கும்போது ஒருவேளை இப்படிப் பேசியிருப்பாள்.

அவர் எழுந்தார்.

"ஒரு உறுப்பினர் கைவிட்ட தீர்மானத்தை இன்னொரு உறுப்பினர் எடுத்துக்கலாம். விதி இருக்கு."

இருந்தது. எழுதியதே அவர்தான்.

"அந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியறேன்."

கீழே யாரோ ஒரு பந்தைக் குழியில் தள்ளினார்கள்.

"லென், உக்காரு" என்றாள் தெல்மா.

"தலைவர் ஒருத்தரை உக்காரச் சொன்னா காரணம் சொல்லணும்."

"நீ ஒரு முட்டாள். அதான் காரணம்."

"அது விதியில இல்லை."

"நான் வழிமொழியறேன்" என்றார் ஐவர். "எதுக்குன்னு தெரியலை. ஆனா வழிமொழியறேன்."

லெனர்ட் பேச வேண்டியதாயிற்று. கை தூக்கத்தான் தயாராகி வந்திருந்தார். வாயைத் தயார் செய்யவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஏன் இந்தக் கட்சியில இருக்கேன்? ஒரு மனுஷன் இன்னொருத்தன் தயவுல நிக்கக்கூடாது. அவ்வளவுதான். என் அப்பா பஞ்ச காலத்துல கூட யார் வாசல்லயும் போய் நிக்கலை. சரி. இப்போ நான் சந்தைக்கு வரேன். எனக்கு வயசு எழுபத்தொண்ணு. எனக்கு முட்டிக்கிட்டு வருது. என்ன செய்வேன்? பப்புல போய் கழிப்பறைச் சாவியைக் கேட்கணும். காபிக் கடையில ஒரு சின்னப் பொண்ணுகிட்ட, வாங்காம உள்ளே போகலாமாம்மான்னு பல்லைக் காட்டணும். முட்டிக்கிட்டு நிக்கறவன் உலகத்துல யாருக்கு வேணும்னாலும் அடிமை. அவன்கிட்ட நீ எந்தக் கொள்கையைப் பேசுவே?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம கொள்ளுத்தாத்தா காலத்து ஆளுங்க அதைக் கட்டினாங்க. அவங்க நம்ம கட்சிதான். அரசாங்கம் சின்னதா இருக்கணும்னு நம்மைவிட அதிகமா நம்பினவங்க. ஆனா ஊர்ல ஒருத்தன் தலை நிமிர்ந்து நடமாடணும்னா என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கட்சிப் பேர்லயே நாம காப்பாத்தறவங்கன்னு வெச்சுக்கிட்டிருக்கோம். எதைக் காப்பாத்தினோம் இதுவரைக்கும்? பேங்க் போச்சு. ரயில் போச்சு. இருக்கறது இது ஒண்ணு."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு விபரீதம் நடப்பதை அவர் உணர்ந்தார். தான் சொல்வதைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார். பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"லென்" என்றான் ஜூலியன். குரலில் உண்மையான வருத்தம். "இதே வாதத்தை வெச்சு நூலகம், நீச்சல்குளம், எல்லாத்தையும் கேட்கலாமே. கோடு எங்க போடுவீங்க?"

"நூலகத்துல முட்டாது" என்றார் லெனர்ட்.

"நான் கேட்கறது சீரியஸா."

"தெரியும்ப்பா. நல்ல கேள்விதான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை."

கை தூக்கச் சொன்னார்கள். ஐவர் மேடக்ஸும் தெல்மா பக்கத்து மற்ற இருவரும் தூக்கினார்கள். லெனர்டின் கை ஒரேயடியாக முழு உயரத்துக்குப் போயிற்று. பிலிப்பா அவர் முகத்தைப் பார்த்தாள். "லென் சரின்னா சரியாத்தான் இருக்கும்" என்று தானும் தூக்கினாள். ஐந்து.

எதிர்ப்பவர்கள் என்றதும் ஜூலியனும் அவன் பக்கத்து இருவரும் தூக்கினார்கள். தெல்மா ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு, ஆறு மாதமாகத் தானே எழுதி எழுதித் திருத்திய தீர்மானத்துக்கு எதிராகத் தன் கையைத் தூக்கினாள்.

கழிப்பறை பிழைத்தது. தலைவி தோற்றாள்.

"டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார் ஐவர்.

தெல்மா எழுந்து வெளியே போனாள். லெனர்ட் பின்னாலேயே போனார். மாடிப்படித் திருப்பத்தில், பழைய தேர்தல் பலகைகள் சாத்தி வைத்திருந்த இடத்தில், அவள் அவரை மடக்கினாள்.

"என்ன காரியம் பண்ணினே?"

"இது கார் இல்லையே."

"கார் நாசமாப் போகட்டும். ஏன் எழுந்தே?"

"நீ ஏன் வாபஸ் வாங்கினே?"

"உனக்காகத்தான், கிழவா. கொட்டகையில நீ கையைத் தூக்கித் தூக்கி இறக்கினதை ஜன்னல் வழியா பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முகம் பல்வலிக்காரன் மாதிரி ஆச்சு. எனக்கு எதிரா கை தூக்கப் பழகறே, முடியலைன்னு நினைச்சேன். நீ தூக்கினா அப்புறம் ஒரு வருஷம் தூங்கமாட்டே. அதான் ஜூலியன்கிட்ட பேசினேன். நான் விட்டுக்கொடுக்கறேன், வோட்டே வேண்டாம், லென் கையைத் தூக்க வேண்டாம்னு. வித்துடறதுக்கு என் ஆதரவுன்னு வாக்குக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை உன்கிட்ட சொல்ல வந்தேனே."

லெனர்ட் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு ஆதரவா தூக்கத்தான் பழகினேன்."

தெல்மா அவரையே பார்த்தாள். அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பிஸ்கட் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு ஆதரவா?"

"ஆமா."

"கழிப்பறைக்கு?"

"கழிப்பறைக்கு இல்லை. உனக்கு. அப்புறம் பேசப் பேசக் கழிப்பறைக்கும்னு ஆயிடுச்சு. அது எப்படின்னு எனக்கே தெரியலை."

"என்னோட ஒத்துப்போய் என்னைக் கவுத்த ஒரே ஆள் நீதான்" என்றாள் தெல்மா. அவள் குரல் சரியாக இல்லை. சிரிப்பா இன்னொன்றா என்று அவருக்குத் தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதில் மூக்கைச் சிந்தி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"உள்ளே வா. சொன்னதைச் செய்யணும்."

உள்ளே வந்து அவள் தலைவர் நாற்காலியில் உட்காராமல் மேஜையின் ஓரமாக உட்கார்ந்தாள். விலகுவதாகச் சொன்னாள். ஜூலியன் பதறினான்.

"தெல்மா, நீங்க பேப்பர்ல சொன்னது வேற அர்த்தத்துல. இப்போ நீங்க தோத்தது எங்களோட சேர்ந்து. டெக்னிக்கலா..."

"தோத்தா தோத்ததுதான் கண்ணு. நீ கவலைப்படாதே."

ஐவர் தலைமை நாற்காலிக்கு நகர்ந்தார். புதுத் தலைவருக்குப் பெயர் சொல்லுங்கள் என்றார். ஜூலியன் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான்கு கை கூட இப்போது நிச்சயமில்லை.

"லென் இருக்கட்டுமே" என்றாள் பிலிப்பா. "ரெண்டு பக்கமும் அவர் சொன்னா கேட்கறோம்."

ஒன்றிரண்டு தலைகள் ஆடின. தலைவர் என்றால் எல்லோரோடும் ஒத்துப்போக வேண்டும். வாரா வாரம். அவர் மேஜையின் ஓரத்தைப் பார்த்தார். தெல்மா தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் நினைத்துப் பார்த்தபடியே, ஓரங்களைத் தட்டிச் சமன் செய்து அடுக்கினாள்.

"நான் தெல்மாவை முன்மொழியறேன்" என்றார்.

"லென், அவங்க இப்பத்தானே தோத்தாங்க" என்றான் ஜூலியன். "தோத்தவங்க மறுபடியும் நிக்கலாமா?"

"விலகினவங்க நிக்கக்கூடாதுன்னு விதி இல்லை. தோத்தது யார்கிட்ட? என்கிட்ட. நான் இவகிட்ட நாற்பத்தி நாலு வருஷமா தோத்துக்கிட்டிருக்கேன். யாரும் என்னை விலகச் சொன்னதில்லை."

ஐவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஜூலியன் சிரிக்கக்கூடாது என்று பார்த்தான். முடியவில்லை.

"காலை நீட்டிட்டு வர்றவங்களையும் பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்று லெனர்ட் அவனைப் பார்த்துச் சொன்னார். "நானும் நீயும் சரியானதைச் சொல்லலாம்ப்பா. நம்மால எதையும் வெளியே எடுக்க முடியாது."

ஜூலியன் பேனாவைக் கீழே வைத்தான்.

"வழிமொழியறேன்" என்றான். "ஆனா கழிப்பறை விஷயத்துல என் கருத்து மாறலை. பதிவு பண்ணிக்கங்க."

"மாறக்கூடாது" என்றார் லெனர்ட்.

ஆதரிப்பவர்கள் என்று ஐவர் சொல்லி முடிப்பதற்குள் லெனர்டின் கை மேலே இருந்தது. மற்றவர்களும் தூக்கினார்கள். தெல்மா மட்டும் தூக்கவில்லை. அவள் எழுந்து வந்து, ஐவரை நாற்காலியிலிருந்து எழுப்பி, உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சில நொடிகள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து தெரியவில்லை போலிருந்தது.

"அடுத்தது" என்றாள். "கல்லறைத் தோட்டத்துல உக்கார ரெண்டு புது பெஞ்ச்."

"எதிர்க்கிறேன்" என்றார் லெனர்ட்.

"இன்னும் நான் படிக்கவே இல்லை."

"படி. அப்புறமும் எதிர்ப்பேன்."

"பேசு லென்" என்றாள் தெல்மா. டீ கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். "சுருக்கமா பேசு. நடந்து வீட்டுக்குப் போகணும்."